முதல் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்: எதைப் பார்த்து வாங்குவது?

முதல் பிஸ்டல் வாங்க வருகிறவர் கண்ணாடிப் பெட்டிக்குள் கைகாட்டுவது பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னதைத்தான். "நமக்கு எதுக்குப் பெரிசு, இது கைக்கு அடக்கமா இருக்கே" என்பார். சுடுதளத்தில் பத்து ரவுண்டு போனதும் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். தாளில் மூன்று ஓட்டைதான் இருக்கும். பக்கத்தில் நிற்கிறவர் தன்னுடைய பெரிய, கனமான பிஸ்டலைக் கொடுத்துச் சுடச் சொன்னால் பத்தில் ஒன்பது தாளில் விழும். இந்தக் காட்சியைப் பல தடவை பார்த்துவிட்டேன். முதல் தடவை பார்த்தபோது தேய்த்துக்கொண்ட உள்ளங்கை என்னுடையது.

சின்னது என்றால் சுலபம் என்ற நினைப்புதான் முதல் பிஸ்டலில் நடக்கும் தவறுகளில் பெரியது. ஒரே தோட்டாவை 950 கிராம் துப்பாக்கியிலும் 500 கிராம் துப்பாக்கியிலும் போட்டுச் சுட்டால், இலகுவானதில் கைக்கு வந்து சேரும் உதையின் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சின்ன பிஸ்டல்கள் பழகிய கைக்காகச் செய்யப்பட்டவை. மறைத்து எடுத்துச் செல்ல வேண்டும் என்பதற்காக அவற்றில் மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்திருப்பார்கள்.

சரி, வரிசையாகப் பார்ப்போம்.

கடைக்குப் போவதற்கு முன்

முதல் வேலை உரிமம். அது கையில் வரும்வரை எந்த மாடலையும் மனதில் முடிவு செய்யாதீர்கள். என்ன காலிபர் (தோட்டாவின் அளவு), எத்தனை ரவுண்டு பிடிக்கும் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி), குழல் எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் நாட்டுக்கு நாடு சட்டம்தான் தீர்மானிக்கிறது. ராணுவம் பயன்படுத்தும் காலிபரைப் பொதுமக்களுக்கு அனுமதிக்காத நாடுகளும் உண்டு. அங்கே 9 மி.மீ. பற்றி எவ்வளவு படித்தாலும் பயனில்லை. உரிமத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதிலிருந்துதான் தேடல் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, பயிற்சி. ஒரு நாள் அடிப்படை வகுப்பாவது முடித்துவிட்டு வாங்கப் போங்கள். வாங்கிய பிறகு கற்றுக்கொள்ளலாம் என்பவர்கள், கையில் பொருந்தாத ஒன்றை வாங்கிவிட்டு அதற்கேற்ப தவறான பிடியைப் பழகிக்கொள்கிறார்கள். பிடி ஒருமுறை பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

மூன்றாவது, எதற்காக என்பதில் தெளிவு. குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கா, வீட்டுப் பாதுகாப்புக்கா, உடன் எடுத்துச் செல்லவா? மூன்றுக்கும் சேர்த்து ஒன்று என்றால், முழு அளவும் இல்லாமல் குட்டியும் இல்லாமல் நடுவில் இருக்கும் 'காம்பாக்ட்' வகை ஓரளவுக்கு ஒத்துப்போகும். குழல் 100 மி.மீ. சுமார் இருக்கும். 1988-ல் வந்த க்ளாக் 19 இந்த வகைக்கு நல்ல உதாரணம். ஆனால் எடுத்துச் செல்லும் தேவை இல்லாதவர் ஏன் குழலையும் எடையையும் குறைத்துக்கொள்ள வேண்டும்? முழு அளவையே எடுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் கடையில் பேசுகிற எதுவும் புரியாது. செமி ஆட்டோமேட்டிக் என்றால் ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரே ஒரு குண்டு. குண்டு முன்னால் போகும்போது அதே விசையில் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் தள்ளப்படுகிறது. போகும் வழியில் காலி உறையை வெளியே வீசுகிறது, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலான ஹேமரையோ, அந்த வேலையை உள்ளிருந்தே செய்யும் ஊசியான ஸ்ட்ரைக்கரையோ தயார்நிலைக்குக் கொண்டுவருகிறது. பிறகு ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ள, மேகசினின் உச்சியில் இருக்கும் அடுத்த தோட்டா குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் போய் உட்கார்ந்துவிடும். எல்லாம் கண் சிமிட்டும் நேரத்துக்குள்.

இதிலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் மறக்கவே கூடாது. மேகசினை உருவி எடுத்தாலும் அறைக்குள் ஒரு தோட்டா இருக்கலாம். "மேகசினை எடுத்துட்டேனே, காலிதானே" என்று சொல்லி ட்ரிகரை இழுத்தவர்களின் கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. காலி செய்யும் வரிசை மாறக்கூடாது: முதலில் மேகசினை எடுக்க வேண்டும், அப்புறம் ஸ்லைடை இழுத்து அறையில் இருப்பதை வெளியேற்ற வேண்டும், ஸ்லைடைப் பின்னால் பூட்டி அறையைக் கண்ணால் பார்க்க வேண்டும், சுண்டுவிரலால் தொட்டும் பார்க்க வேண்டும். மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தால் ஒன்றை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததை நீங்களே ஏற்றிவிடுவீர்கள். அதற்குப் பிறகு மேகசினை எடுத்து என்ன பயன்?

கடைக்காரர் ஒரு பிஸ்டலை உங்கள் கையில் தரும்போது இதை அவர் செய்து காட்ட வேண்டும். வாங்கியதும் நீங்களும் ஒருமுறை செய்யுங்கள். அவமரியாதை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். செய்யாவிட்டால்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். குழல் முனை எந்த மனிதரையும் நோக்கித் திரும்பக்கூடாது, சுடுவது என்று முடிவாகும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே துப்பாக்கியின் உடலான சட்டத்தின் பக்கவாட்டில் நீட்டியபடி இருக்க வேண்டும், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், காலி என்று தெரிந்த துப்பாக்கியையும் நிரம்பியதாகவே நடத்த வேண்டும். கடைக்குள்ளும் இவை அப்படியே பொருந்தும்.

காலிபர்: நீண்ட வாதம், சின்ன விடை

சட்டம் அனுமதித்தால் 9×19 மி.மீ., அல்லது .22 எல்ஆர். முதல் பிஸ்டலுக்கு இந்த இரண்டுக்கு வெளியே போக வலுவான காரணம் வேண்டும்.

1902-ல் கேயார்க் லூகர் உருவாக்கிய 9 மி.மீ. பாராபெல்லம் இன்று உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் பிஸ்டல் தோட்டா. வழக்கமான குண்டு 7.5 முதல் 8 கிராம். முழு அளவு பிஸ்டலில் அதன் உதை ஒரு புதியவரால் சமாளிக்கக்கூடியது. .45 ஏசிபியின் வழக்கமான குண்டு ஏறக்குறைய 15 கிராம். மெதுவாகப் போகும், ஆனால் அழுத்தித் தள்ளும். 1990-ல் வந்த .40 எஸ் அண்ட் டபிள்யூ சுருக்கென்று மேலே தூக்கும். இரண்டும் கெட்டவை அல்ல, ஆரம்பத்துக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

.22 எல்ஆரைப் 'பொம்மை' என்று சிரிப்பவர்கள் உண்டு. ஒலிம்பிக்கின் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகள் அந்தத் தோட்டாவில்தான் நடக்கின்றன. குண்டு சுமார் 2.6 கிராம், உதை கிட்டத்தட்ட இல்லை, அதனால் வெடிக்குமுன் கை திடுக்கிட்டுக் குனியும் பழக்கம் ஒட்டிக்கொள்ளாது. குறை என்னவென்றால் இதில் பற்றவைப்பு மருந்து உறையின் விளிம்புக்குள் இருக்கிறது. சில தோட்டாக்களில் அது சரியாகப் பரவாமல், அடித்தும் வெடிக்காமல் போகும். பாதுகாப்புக்கு இதை நம்புவதை நான் பரிந்துரைப்பதில்லை. கற்க இதைவிட நல்லது இல்லை. விளையாட்டுக்காகவே வாங்குகிறவர் யோசிக்காமல் ஒரு .22 வாங்கலாம். 2016-ல் வந்த ரூகர் மார்க் 4 ஒரே பொத்தானில் பிரிந்துவிடும். அதற்கு முந்தைய மார்க் வரிசையைக் கழற்றி மாட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

இன்னொரு கணக்கு: துப்பாக்கி வாங்குவது ஒருமுறை, தோட்டா வாங்குவது காலம் முழுக்க. சுலபமாகக் கிடைக்காத காலிபரில் அழகான பிஸ்டல் வைத்திருப்பவர் மாதம் பத்து ரவுண்டு சுட்டுவிட்டுத் துடைத்து வைத்துவிடுவார்.

கையில் வைத்துப் பார்ப்பது

கடையில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பிராண்ட் பெயரை மறந்துவிடுங்கள்.

காலி செய்து பார்த்த பிஸ்டலை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டை பிடியின் உச்சியில், வால் போல நீளும் பகுதிக்குக் கீழே ஒட்டி உட்காரும்படி பிடியுங்கள். மேலிருந்து பார்த்தால் குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இப்போது பிடியை மாற்றாமல் ஆள்காட்டி விரலை ட்ரிகரில் வையுங்கள். விரல் நுனிக்கும் முதல் மடிப்புக்கும் நடுவிலுள்ள சதை ட்ரிகரின் முகத்தில் பட்டால் பொருத்தம் சரி. நகத்தோரம் மட்டும் எட்டினால் பிடி உங்களுக்குப் பெரிது. எட்டுவதற்காகக் கையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டால், உதை எலும்பில் விழாமல் கட்டைவிரல் மூட்டில் விழும். முதல் மடிப்பைத் தாண்டி விரல் உள்ளே போய்விட்டால் பிடி சின்னது. இழுக்கும்போது துப்பாக்கியையும் சேர்த்து இழுப்பீர்கள்.

அடுத்து சுண்டுவிரல். அது பிடியில் இருக்கிறதா, காற்றில் தொங்குகிறதா? தொங்கினால் பிடிமானத்தில் ஒரு பங்கு போயிற்று. இடது கை பிடியைச் சுற்றிவர இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு கையாலும் பிடிக்கும்போது பிடியின் பக்கங்களில் காலியான இடம் தெரியக்கூடாது.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பாதுகாப்பான சுவரை நோக்கிச் சாதாரணமாக நீட்டிவிட்டுக் கண்ணைத் திறங்கள். குறிபார்க்க உதவும் முன் சைட், பின்புறமுள்ள சைட்டின் பள்ளத்துக்குள் ஏறக்குறைய இருந்தால் அந்தப் பிடியின் சாய்வு உங்கள் மணிக்கட்டுக்கு ஒத்துப்போகிறது. பழைய அமெரிக்க ராணுவ பிஸ்டலான எம்1911-ன் பிடியைவிட க்ளாக்கின் பிடி அதிகம் சாய்ந்தது. 1911-ல் பழகியவர் க்ளாக்கை நீட்டினால் முன் சைட் மேலே ஏறி நிற்கும். அது தவறு இல்லை, பழக்கம். புதியவருக்கு எந்தப் பழக்கமும் இல்லாததால் இந்தச் சோதனை உண்மையைச் சொல்லும்.

இப்போது வரும் பிளாஸ்டிக் சட்ட பிஸ்டல்கள் பலவற்றில் பிடியின் முதுகுப் பகுதியை மாற்றிக்கொள்ள இரண்டு மூன்று அளவுகள் கூடவே வரும். கடைக்காரரிடம் கேட்டு மாற்றிப் பாருங்கள். சோம்பல்பட்டு "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்று இல்லை.

இடது கைக்காரர்கள் மேகசின் விடுவிக்கும் பொத்தானை மறுபக்கம் மாற்ற முடியுமா, தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டி இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். எந்தக் கண் ஆதிக்கக் கண் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: இரண்டு கைகளையும் நீட்டி விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்துப் பொருளைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் மறையாமல் நிற்கிறதோ அதுதான்.

ஸ்லைடை இழுக்க முடிகிறதா

இழுக்க முடியாத பிஸ்டல் உங்களுக்கானது இல்லை. ஆனால் முடியவில்லை என்று முடிவு கட்டுமுன் முறையைச் சரிபாருங்கள். பலர் துப்பாக்கியை முகத்துக்கு நேரே பிடித்து இரண்டு விரலால் கிள்ளி இழுக்கிறார்கள். உடம்போடு ஒட்டி, குழல் முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து, இடது கை முழுவதாலும் ஸ்லைடின் பின்பகுதியைப் பற்றிக்கொண்டு, பிடித்திருக்கும் வலது கையை முன்னால் குத்துவதுபோலத் தள்ளுங்கள். நிறையப் பேருக்கு அத்தோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. "என் கைக்கு வலு குறைவு, சின்ன காலிபர் கொடுங்கள்" என்று கேட்டு, 9 மி.மீட்டரைவிட வலு குறைந்த .380 தோட்டாவுக்கான பிஸ்டல் வாங்கியவர் 9 மி.மீட்டரைவிட கடினமான ஸ்லைடோடு வீட்டுக்குப் போவதுண்டு. வால்தர் பிபிகே போன்ற பழைய வடிவங்களில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்வதில்லை. குண்டு வெளியேறும்வரை ஸ்லைடைத் தாமதிக்க வைப்பது அதன் எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும் மட்டும்தான். அதனால் ஸ்பிரிங் கல்லாக இருக்கும், உதையும் சுளீரென்று வரும். துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங்கின் வழிவந்த பிஸ்டல்களில் குழலும் ஸ்லைடும் பூட்டியபடி கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னால் போய், குழல் சற்றுச் சாய்ந்த பிறகுதான் பிரியும். அங்கே அவ்வளவு இறுக்கமான ஸ்பிரிங் தேவையில்லை. கை வலு குறைந்தவர்களை மனதில் வைத்தே வந்தவையும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-ல் .380-ல் கொண்டுவந்த ஷீல்ட் ஈஸி அதில் ஒன்று. அதில் குழல் பூட்டும் முறை, உள்ளே மறைந்த ஹேமர், இழுக்க இலகுவான ஸ்பிரிங்.

ட்ரிகர் வகை

மூன்று குடும்பங்கள். முதலாவது சிங்கிள் ஆக்‌ஷன்: ஹேமர் ஏற்கெனவே பின்னால் நிற்க வேண்டும், ட்ரிகர் அதை விடுவிக்க மட்டும் செய்யும். எம்1911 இந்த வகை. ட்ரிகர் குறுகியது, சுத்தமானது, சுடச் சுகமானது. ஆனால் அந்தக் குறுகிய ட்ரிகருக்கும் உங்கள் கவனக்குறைவுக்கும் நடுவே நிற்பது ஒரு சேஃப்டி நெம்புகோலும் பிடியை இறுகப் பற்றினால் மட்டும் விலகும் பிடிச் சேஃப்டியும்தான். அந்த நெம்புகோலை ஏற்றி இறக்கும் ஒழுங்கு விரலில் ஊறியிருக்க வேண்டும்.

இரண்டாவது டபுள்/சிங்கிள்: முதல் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும், அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் இலகுவாக. பெரெட்டா 92, சிக் சாவர் பி226, சிஇசட் 75 எல்லாம் இதில் வரும். முதல் இழுப்பு நான்கைந்து கிலோவை ஒட்டி இருக்கும், அடுத்தது அதில் பாதி. ஒரே துப்பாக்கியில் இரண்டு ட்ரிகர் கற்க வேண்டியிருப்பது புதியவருக்குக் கூடுதல் பாரம். ஹேமரைப் பாதுகாப்பாக இறக்க 'டீகாக்கர்' இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழைய சிஇசட் 75-ல் அது கிடையாது. நிரம்பிய அறையின் மேல் ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்கும் வித்தை ஆரம்பக்காரருக்கு வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது ஸ்ட்ரைக்கர். வெளியே ஹேமர் இல்லை, ஒவ்வொரு இழுப்பும் ஒரே மாதிரி, இரண்டரை கிலோ சுமார். 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் க்ளாக் 17-ஐ எடுத்துக்கொண்ட பிறகு உலகமே இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கற்க எளிது என்பதால் பெரும்பாலோருக்கு நான் சொல்வதும் இதையே. ஒரு எச்சரிக்கை: பலவற்றில் கையால் போடும் சேஃப்டி கிடையாது. உள்ளிருக்கும் தடுப்புகள் கீழே விழுந்தால் வெடிக்காமல் காக்கும், ட்ரிகர் இழுபட்டால் காக்காது. இன்னொன்று, க்ளாக்கைக் கழற்ற ட்ரிகரை ஒருமுறை இழுத்தாக வேண்டும். அறையைச் சரிபார்க்காமல் சுத்தம் செய்ய உட்காருகிறவருக்கு ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது. பெரெட்டா 92, சிக் பி320 போன்றவற்றில் அது தேவையில்லை. உங்கள் மறதியைப் பற்றி உங்களுக்கே சந்தேகம் இருந்தால் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுங்கள்.

சேஃப்டி உள்ள மாடல் வேண்டுமென்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் எந்தப் பக்கம் தள்ளினால் சுடும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். 1911-ல் கீழே தள்ள வேண்டும், பெரெட்டா 92எஃப்எஸ்ஸில் மேலே. வீட்டில் இரண்டும் ஒன்றாக வேண்டாம்.

சைட், நிறம், மேகசின் கொள்ளளவு பற்றியெல்லாம் அதிகம் கவலைப்பட வேண்டாம். முன் சைட் உங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் போதும். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) பொருத்த வெட்டு உள்ள ஸ்லைடு இருந்தால் பின்னாளில் உதவும். வெளிச்சம், லேசர் வகையறாக்கள் இப்போது வேண்டாம்.

பழையதை வாங்குவதென்றால்

தவறில்லை, ஆனால் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். துப்பாக்கியின் சட்டத்தில் பொறித்த வரிசை எண் காகிதத்தோடு பொருந்த வேண்டும். ஒரு எண் அழிந்திருந்தாலும் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். கழற்றிய குழலை வெளிச்சத்தில் பார்க்கும்போது உள்ளே வளையம் போல ஒரு நிழல் தெரிந்தால், எப்போதோ குண்டு சிக்கி வீங்கியிருக்கிறது என்று பொருள். மேகசினின் மேல் உதடுகள் வளைந்தோ விரிந்தோ இருக்கக்கூடாது. மிகப் பழைய வடிவங்களில் தோட்டாவை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைத் தடுக்கும் ஏற்பாடே இருக்காது. டோகரெவ் டிடி-33 அப்படிப்பட்டது. கோல்ட் நிறுவனமே தன் 1911 வரிசையில் அந்தத் தடுப்பை 1983-ல் சீரீஸ் 80-ல்தான் நிலையாகச் சேர்த்தது. சேகரிப்பவருக்கு அவை பொக்கிஷம், முதல் பிஸ்டலாக வேண்டாம்.

சுட்டுப் பார்த்து முடிவெடுங்கள்

வாடகைக்குத் தரும் சுடுதளம் இருந்தால் இரண்டு மூன்று மாடல்களை ஒரே நாளில், ஒரே தோட்டாவில், ஏழு மீட்டரில் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தாள். தாளில் பெயர் எழுதாமல் நண்பரிடம் கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் ஓட்டைகள் நெருக்கமாக இருக்கும் தாள் எது என்று பாருங்கள். மனதுக்குப் பிடித்ததும் தாள் சொல்வதும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

காதுக்கு மஃபும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் ஒரு குண்டுகூடச் சுடாதீர்கள். 9 மி.மீ. சத்தம் 160 டெசிபலை ஒட்டி வரும். 140-லேயே ஒரே அடியில் காதுக்குச் சேதம் தொடங்கிவிடும். முடிந்ததும் சாப்பிடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயத் தூசி இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பிஸ்டலோடு அதே நாளில் பூட்டுப் பெட்டியையும் வாங்குங்கள். தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில். மேல் அலமாரி பூட்டு ஆகாது. குழந்தைகள் ஏறாத அலமாரி கிடையாது. வீட்டில் யாராவது மனமுடைந்து இருக்கும் காலத்தில் துப்பாக்கியைச் சட்டப்படி வெளியே ஒப்படைத்து வைக்க வழி இருந்தால் தயங்காமல் செய்யுங்கள்.

தோட்டாவே வைக்காத ஒரு வீட்டறையில், காலி செய்து இரண்டு முறை பார்த்தபின், முன் சைட்டின் மேல் ஒரு நாணயத்தை வைத்து அது விழாமல் ட்ரிகரை இழுத்துப் பழகலாம். .22 வைத்திருப்பவர்கள் முதலில் கையேட்டைப் பாருங்கள். பல மாடல்களில் வெறுமனே இழுத்தால் ஃபயரிங் பின் நேராகக் குழலறையின் விளிம்பில் அடித்து அதைச் சிதைத்துவிடும், போலித் தோட்டா போட வேண்டும்.

முதல் நாள் சுடுதளத்தில் மேகசினில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுடுங்கள். அப்புறம் இரண்டு, அப்புறம் ஐந்து. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் காலி உறை மேலே புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். புதிய துப்பாக்கிமேல் பழி போடுமுன் பிடியை இறுக்கிப் பாருங்கள். இருநூறு ரவுண்டு தடங்கல் இல்லாமல் போகும்வரை அதை நம்பாதீர்கள். மேகசின்களின் அடியில் 1, 2 என்று எண் எழுதி, எந்தத் தோட்டாவில் எந்த மேகசினில் சிக்கியது என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். என்னுடையதில் சிக்கியது ஒவ்வொரு தடவையும் 2-ல்தான். ஒரு மாதம் துப்பாக்கியைத் திட்டிக்கொண்டிருந்தேன். புது மேகசின் ஒன்று மாற்றியதும் நின்றுவிட்டது.